காலி நாளின் கூலி யார் கணக்கில்? ஐரோப்பாவின் முகமைத் தொழிலாளர் சட்டங்கள்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2017 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒரு பெண், சில்லறை வணிக நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். ஆர்டருக்கு ஏற்பச் சரக்குகளை எடுத்துச் சேர்த்துவைக்கும் வேலை. கூலி மணிக்கு 9.23 யூரோ. அதே வேலையைச் செய்யும் சொந்த ஊழியர்களுக்கு அந்த நிறுவனம் 13.64 யூரோ தருகிறது என்று சொல்லி, வித்தியாசத் தொகையான 1,296.72 யூரோவைக் கேட்டு அவர் நீதிமன்றம் போனார். அவரை வேலைக்கு எடுத்தது அந்த நிறுவனம் இல்லை, இடையில் இருந்து ஆள் வழங்கும் ஒரு முகமை. கூலி குறைந்ததற்குக் காரணமும் அதுதான்.

முகமை வழியாக வந்தவரையும் சொந்த ஊழியரையும் சமமாக நடத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2008 முதலே சொல்கிறது. வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போய்த் திரும்பியது. கடைசியில் 2023 மே 31 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் அவருடைய கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது.

சமமாக நடத்து என்று சட்டம் சொல்லும்போது, மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கொடுத்தது செல்லும் என்று நீதிமன்றம் எப்படிச் சொன்னது? இதைப் புரிந்துகொள்ள இந்த வேலைமுறையின் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

மூன்று தரப்பு

வழக்கமான வேலையில் முதலாளி, தொழிலாளி என்று இரண்டே தரப்பு. முகமை வழி வேலையில் மூன்று.

1. முகமை. ஆளைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போடுவதும், சம்பளம் தருவதும், சமூகக் காப்புக்கான தொகையைக் கட்டுவதும் இதன் பொறுப்பு. சட்டத்தின் கண்ணில் முதலாளி இதுதான்.
2. வேலை வாங்கும் நிறுவனம். எந்த ஷிப்ட், எந்த இயந்திரம், எவ்வளவு வேகம் என்று அன்றாடம் உத்தரவு போடுவது இது. முகமைக்குக் கட்டணம் செலுத்துகிறது; தொழிலாளியோடு இதற்கு வேலை ஒப்பந்தம் கிடையாது.
3. தொழிலாளி. ஒப்பந்தம் ஓரிடத்தில், உழைப்பு வேறிடத்தில்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. வேலைக்கு ஆள் பார்த்துக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் தரகு நிறுவனம் ஒன்று. மற்றொன்று துணை ஒப்பந்தம்: இத்தனை சதுர மீட்டர் சுவர், இத்தனை டன் இறைச்சி என்று வேலையின் விளைவையே ஒப்புக்கொண்டு, தன் ஆட்களைத் தானே மேய்த்து முடித்துக் கொடுப்பது. காகிதத்தில் இந்த எல்லைகள் தெளிவானவை. ஆலைக்குள் போய்ப் பார்த்தால் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

நிறுவனங்கள் ஏன் முகமையை நாடுகின்றன? திடீரென வேலை கூடும், ஊழியர் பிரசவ விடுப்பில் போவார், பண்டிகைக் காலத்தில் ஆர்டர் குவியும். இவையெல்லாம் உண்மையான தேவைகள்தான். ஆனால் கட்டணம் கொடுத்து வாங்கப்படுவது வெறும் உழைப்பு மட்டுமல்ல. 'நாளை முதல் வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் அதற்குள் இருக்கிறது. ஆடி மாதத்தில் வாடகைப் பாத்திரக் கடையில் அண்டாக்கள் சும்மா கிடந்தால் அந்த நட்டம் கடைக்காரருடையது. வாடகைக்குப் போவது மனிதர்களாக இருந்தால், சும்மா இருக்கும் நாளின் நட்டம் யாருடையது? ஐரோப்பிய நாடுகளின் சட்டங்கள் மாதக்கணக்கு, விழுக்காட்டுக் கணக்கு என்று என்னென்னவோ பேசினாலும் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

தடையிலிருந்து அனுமதிக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் ஆள் கொடுத்துக் காசு பார்ப்பது பல நாடுகளில் குற்றம். இத்தாலி 1960இல் ஒரு சட்டம் போட்டே தடுத்தது, 1997இல்தான் தளர்த்தியது. ஸ்பெயினில் 1994 வரை அனுமதியில்லை. சுவீடன் 1990களின் தொடக்கத்தில்தான் கதவைத் திறந்தது. மறுபக்கம் நெதர்லாந்து 1965இலேயே சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தியது; பிரான்சும் ஜெர்மனியும் 1972இல் தனிச் சட்டங்கள் இயற்றின. ஜெர்மனிக்கு வேறு வழியும் இருக்கவில்லை. வேலைக்கு ஆள் சேர்க்கும் அரசின் ஏகபோக உரிமையைக் காட்டி முகமைகளைத் தடுக்க முடியாது என்று அதன் அரசியலமைப்பு நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்திருந்தது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை, தனியார் முகமைகளை ஏற்றுக்கொண்டு நெறிப்படுத்தும் பாதையைத் தேர்ந்தெடுத்தது. அதன் பிறகு விவாதம் 'அனுமதிக்கலாமா' என்பதை விட்டுவிட்டு 'எந்த நிபந்தனையில்' என்பதற்கு நகர்ந்தது.

2008 ஆணை: ஒரு விதி, மூன்று வாசல்

சமமாக நடத்தச் சொல்லும் சட்டத்தின் வரைவை, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2002இல் முன்வைத்தது. பிரிட்டனும் ஜெர்மனியும் உள்ளிட்ட சில நாடுகளின் எதிர்ப்பால் அது ஆறு ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 2008 மே மாதம் பிரிட்டனின் தொழிற்சங்கக் காங்கிரசும் தொழிலதிபர் கூட்டமைப்பும் தங்களுக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்த பிறகே முடிச்சு அவிழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் 2008/104 எண்ணுள்ள ஆணை நிறைவேறியது. உறுப்பு நாடுகள் 2011 டிசம்பர் 5க்குள் தத்தம் சட்டங்களில் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆணையின் இதயம் ஐந்தாம் பிரிவு. வேலை வாங்கும் நிறுவனம் தானே நேரடியாக அந்த ஆளை எடுத்திருந்தால் என்ன கொடுத்திருக்குமோ, அதற்குக் குறையாத அடிப்படை வேலை நிலைமைகளை முகமைத் தொழிலாளிக்குத் தர வேண்டும். வேலை நேரம், மிகைநேரம், இடைவேளை, இரவுப் பணி, விடுமுறை, ஊதியம் ஆகியவை அந்த அடிப்படை நிலைமைகள். ஆலையின் கேன்டீன், குழந்தைக் காப்பகம், போக்குவரத்து வசதி ஆகியவற்றையும் தக்க காரணமின்றி மறுக்கக் கூடாது. காலியிடம் வந்தால் முகமைத் தொழிலாளிக்கும் தெரிவிக்க வேண்டும். வேலைக்கு ஏற்பாடு செய்ததற்காக முகமை தொழிலாளியிடம் பணம் வாங்கவே கூடாது. (ஐரோப்பிய வேலைக்கென்று நம் ஊர்த் தரகர்களிடம் லட்சக்கணக்கில் கட்டுகிறவர்களுக்கு இந்த விதி பயன்படாது. பணம் கைமாறுவது ஐரோப்பாவுக்கு வெளியே.)

விதியை எழுதிய கையோடு அதைத் தாண்டிப் போக மூன்று வாசல்களையும் ஆணை திறந்துவைத்தது.

1. முகமை தொழிலாளியை நிரந்தர ஒப்பந்தத்தில் எடுத்து, இரண்டு பணிகளுக்கு இடைப்பட்ட காலத்திலும் சம்பளம் கொடுத்தால், ஊதியத்தில் மட்டும் சமத்துவம் தேவையில்லை என்று ஒரு நாடு விதிவிலக்குத் தரலாம். சுவீடன் விலக்கு என்று இதைச் சொல்வார்கள்.
2. தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் போடும் கூட்டு ஒப்பந்தம் சமத்துவத்திலிருந்து விலகலாம். ஆனால் முகமைத் தொழிலாளர்களின் 'ஒட்டுமொத்தப் பாதுகாப்பு' குறையக் கூடாது.
3. எல்லோருக்கும் செல்லுபடியாகும் கூட்டு ஒப்பந்த முறை இல்லாத நாடுகளில், தேசிய அளவிலான உடன்பாட்டின்படி ஒரு காத்திருப்புக் காலம் வைக்கலாம்.

மூன்றாவது வாசல் பிரிட்டனுக்காகவே செதுக்கப்பட்டது. அங்கே 12 வாரம் முடிந்த பிறகுதான் சம ஊதியம். ஒரே இடத்துப் பணியில் ஆறு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகும் பிரிட்டன் இந்தச் சட்டத்தை வைத்திருக்கிறது. பக்கத்தில் உள்ள அயர்லாந்து 2012இல் முதல் நாளிலிருந்தே சமத்துவம் என்று சட்டம் போட்டது.

முதல் வாசலுக்குப் பிரிட்டனில் நேர்ந்தது கவனிக்க வேண்டிய கதை. பணியில்லாத காலத்தில் குறைந்தபட்சம் பாதிச் சம்பளம், மொத்தத்தில் நான்கு வாரத்துக்குக் கொடுத்தால் போதும் என்று விதி இருந்தது. வாரத்துக்குச் சில மணி நேரமே உறுதியளிக்கும் ஒப்பந்தத்தை எழுதிவிட்டால் அந்தச் செலவும் கரைந்துவிடும். தொழிலாளி 12 வாரத்துக்குப் பின் வர வேண்டிய சம ஊதியத்தை இழந்தார். பதிலுக்குக் கிடைத்த காலி நாள் சம்பளம் அநேகமாகக் காகிதத்தோடு நின்றது. வேலைமுறைகளை ஆராயப் பிரிட்டன் அரசு கேட்டு வாங்கி 2017இல் வெளியான டெய்லர் அறிக்கை இந்த விலக்கை நீக்கச் சொன்னது. 2020 ஏப்ரல் 6 முதல் அது நீக்கப்பட்டது.

ஜெர்மனி: மாதங்களின் கணக்கு

ஒருவரை அதிகபட்சம் எவ்வளவு காலம் ஒரே நிறுவனத்துக்கு அனுப்பலாம்? ஜெர்மனியில் 1972இல் மூன்று மாதம். பிறகு ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, இருபத்து நான்கு என்று நீண்டு, 2000களின் தொடக்கத்தில் வந்த ஹார்ட்ஸ் என்ற தொழிலாளர் சந்தைச் சீர்திருத்தத்தில் வரம்பே இல்லாமல் போனது. 2017 ஏப்ரல் 1 முதல் வரம்பு திரும்பி வந்தது: 18 மாதம். கூட்டு ஒப்பந்தத்தின் பேரில் ஊதியத்தைக் குறைத்துக் கொடுப்பதற்கும் பொதுவாக ஒன்பது மாத வரம்பு வந்தது. இரண்டு வரம்புகளையும் கூட்டு ஒப்பந்தத்தால் மாற்றலாம்.

இந்த 18 மாதம் ஆளுக்குத்தான், வேலைக்கு இல்லை. ஒருவருக்கு 18 மாதம் முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டு அதே இயந்திரத்தின் முன் இன்னொருவரை நிறுத்தலாம். மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டு முதல் ஆளையே திரும்ப அழைக்கலாம். தற்காலிகத் தேவைக்கு என்று சொல்லப்படும் ஏற்பாடு, நிரந்தரத் தேவையைத் தற்காலிக மனிதர்களைக் கொண்டு நிரப்பும் ஏற்பாடாக மாறுவது இந்த இடத்தில்தான்.

பெர்லினில் உள்ள மெர்சிடிஸ் ஆலையில் எஞ்சின் பொருத்தும் பிரிவில் ஒரு தொழிலாளி 2014 செப்டம்பர் முதல் 2019 மே வரை முகமை வழியாகவே வேலை பார்த்தார். குழந்தை வளர்ப்பு விடுப்பாக இரண்டு மாதம் போனதைத் தவிர இடைவெளி இல்லை. ஒப்பந்தம் 18 முறை நீட்டிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தந்த பதிலில் இரு தரப்புக்கும் கொஞ்சம் இருந்தது. நிரந்தரமான ஒரு பணியிடத்தில் முகமைத் தொழிலாளியை வைப்பது தவறில்லை. ஆனால் அடுத்தடுத்த நீட்டிப்புகள் சேர்ந்து நியாயமாகத் 'தற்காலிகம்' என்று சொல்ல முடியாத அளவுக்கு நீண்டு, அதற்குத் தக்க விளக்கமும் இல்லையென்றால் அது முறைகேடு. சரி, முறைகேடு என்றால் அந்தத் தொழிலாளிக்கு ஆலையில் வேலை உண்டா? ஒன்றியச் சட்டம் அந்த உரிமையைத் தரவில்லை. அது அந்தந்த நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

இப்போது பவேரியப் பெண்ணின் வழக்குக்கு வரலாம். அவருடைய 9.23 யூரோ, இரண்டாம் வாசல் வழியாக வந்தது. தொழிற்சங்கங்களே கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் அது. 2022 டிசம்பரில் ஒன்றிய நீதிமன்றம், 'ஒட்டுமொத்தப் பாதுகாப்பு' என்பதை விளக்கியது: ஊதியத்தில் குறைத்தால், அடிப்படை வேலை நிலைமைகளில் வேறொன்றைக் கூட்டி ஈடுகட்ட வேண்டும். தொழிற்சங்க வட்டாரத்தில் பெரும் வெற்றியாகப் பேசப்பட்ட தீர்ப்பு. ஆனால் எது ஈடு என்று தீர்மானிக்கும் வேலை ஜெர்மன் நீதிமன்றத்திடம் வந்தது. அது சொன்ன பதில்: பணியில்லாத நாள்களிலும் முகமை சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று ஜெர்மன் சட்டம் கட்டாயப்படுத்துகிறது, அதுவே ஈடு. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போக முடியாது என்பதும், ஊதியக் குறைப்புக்குப் பொதுவாக ஒன்பது மாத வரம்பு இருப்பதும் கூடுதல் காரணங்கள்.

தர்க்கம் பிழையற்றது. ஆனால் நான்கு மாத ஒப்பந்தத்தில், இடைவெளியே இல்லாமல் ஓரிடத்தில் வேலை செய்த ஒருவருக்குக் காலி நாள் சம்பளம் என்ன நன்மையைத் தந்திருக்கும்? அனுபவிக்காத ஒரு காப்பீட்டுக்கு மணிக்கு 4.41 யூரோ சந்தா கட்டியதாகத்தான் அவர் கணக்கு முடிந்தது.

பிரான்சும் நெதர்லாந்தும்: இரு துருவங்கள்

பிரான்ஸ் காலி நாளுக்கு முன்கூட்டியே விலை வைத்திருக்கிறது. முதல் நாளிலிருந்து சம ஊதியம். பணி முடியும்போது, வாங்கிய மொத்தச் சம்பளத்தில் 10 விழுக்காடு நிலையின்மைத் தொகையாகக் கையில் வரும். பொதுவான வரம்பு 18 மாதம். முகமையோடு நிரந்தர ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் புதிய வகையும் உண்டு. அதில் இடைப்பட்ட காலத்துக்கு உறுதியான சம்பளம் கிடைக்கும், ஆனால் அந்த 10 விழுக்காடு கிடைக்காது. ஒரே ஆபத்துக்கு இரண்டு முறை ஈடு கிடையாது என்ற கணக்கு. வேலைநிறுத்தக்காரர்களின் இடத்தை முகமைத் தொழிலாளர்களைக் கொண்டு நிரப்பவும் அங்கே தடை.

நெதர்லாந்தில் நிலைமை நேர் எதிர். வேலை வாங்கும் நிறுவனம் 'போதும்' என்று சொன்ன நிமிடமே முகமையின் ஒப்பந்தமும் தானாக முடிந்துபோகும் ஒரு பிரிவைத் தொடக்கக் கட்ட ஒப்பந்தங்களில் சேர்க்கலாம். இந்தக் கட்டம் முன்பு 78 வாரம். கூட்டு ஒப்பந்தம் அதை 52 வாரமாகக் குறைத்தது. காய்ச்சல் என்று விடுப்புச் சொன்னால் அதையே காரணமாக வைத்து ஒப்பந்தம் முடிந்ததாகக் கொள்ளும் விதி 2023 வரை கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது.

இதன் சுமை அதிகம் விழுவது போலந்து, ருமேனியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர்கள் மீது. பசுமைக்குடில்களிலும் கிடங்குகளிலும் வேலை தரும் முகமையே படுக்கையும் தருகிறது. வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறது. குறைந்தபட்சக் கூலியிலிருந்து அதிகபட்சம் கால் பங்கு வரை இப்படிப் பிடிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. வெள்ளிக்கிழமை வேலை போனால் அந்த வார இறுதியிலேயே தங்குமிடமும் போகலாம். அப்படிப்பட்டவர் மிகைநேரக் கணக்கில் தவறு என்று எப்படி வாய் திறப்பார்? எமீல் ரூமர் தலைமையில் அரசு அமைத்த குழு 2020இல் தந்த அறிக்கை இந்தப் பிணைப்பை உடைக்கச் சொன்னது. 2023 ஜூலை முதல், வாடகை ஒப்பந்தத்தை வேலை ஒப்பந்தத்திலிருந்து பிரித்துத் தனியே எழுத வேண்டும்.

சுவீடன் வேறு வழி போனது. 2022 அக்டோபர் முதல், 36 மாதத்தில் 24 மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேலை பார்த்தவருக்கு அந்த நிறுவனம் நிரந்தர வேலை தர முன்வர வேண்டும், அல்லது இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

இறைச்சி ஆலைகள்: தடை எப்போது வேலை செய்கிறது

2020 ஜூனில் ஜெர்மனியின் ரேடா-வீடன்புரூக் நகரில் உள்ள டோனீஸ் இறைச்சி ஆலையில் 1,500க்கும் மேற்பட்டோருக்கு கொரோனா தொற்றியது. குட்டர்ஸ்லோ மாவட்டமே மீண்டும் முடக்கப்பட்டது. தொற்றுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பியர்கள். நெருக்கடியான தங்குமிடங்களில் இருந்தவர்கள். யார் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்ற முகவரிப் பட்டியலைப் பெறுவதற்கே அதிகாரிகள் போராட வேண்டியிருந்தது. காரணம், அவர்களில் பலர் ஆலையின் ஊழியர்களும் இல்லை, முகமைத் தொழிலாளர்களும் இல்லை. துணை ஒப்பந்ததாரர்களின் ஆட்கள்.

முகமை முறைக்கு விதிகள் இறுக இறுக, விதி இல்லாத பக்கத்து ஏற்பாட்டுக்கு வேலை நகர்ந்துவிடுவதன் பாடப்புத்தக உதாரணம் இது. ஜெர்மனி இந்த முறை இரண்டையும் சேர்த்தே மூடியது. கொல்லுதல், வெட்டுதல், பதப்படுத்துதல் ஆகிய வேலைகளில் 2021 ஜனவரி 1 முதல் துணை ஒப்பந்தத்துக்குத் தடை. ஏப்ரல் 1 முதல் முகமை முறைக்கும் தடை. பதப்படுத்தும் பிரிவுக்கு மட்டும் கூட்டு ஒப்பந்தத்தின் பேரில், வேலை நேரத்தில் 8 விழுக்காடு வரை முகமை ஆட்களை வைக்கச் சிறு சலுகை. அதுவும் 2024 மார்ச்சோடு முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் அதே கத்தி, அதே வரிசை, அதே ஷிப்டோடு நேரடி ஊழியர்கள் ஆனார்கள். அதுவரை 'தனியான வேலை, தனியான பொறுப்பு' என்று எழுதிவைத்திருந்ததெல்லாம் எவ்வளவு மெல்லிய காகிதம் என்பது ஒரே நாளில் வெளிச்சமானது.

இப்படித் துறை வாரியாகத் தடை போடுவதை ஒன்றியச் சட்டம் தடுக்கிறதா? 2015இல் பின்லாந்து வழக்கில் ஒன்றிய நீதிமன்றம் தெளிவாக்கியது: தடைகளை மறுபரிசீலனை செய்யும்படி மட்டுமே ஆணை அரசுகளைக் கேட்கிறது, அவற்றைத் தேசிய நீதிமன்றங்கள் ஒதுக்கித்தள்ள வேண்டியதில்லை. ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் அதே ஆணைக்குக் கட்டுப்பட்ட நார்வே, 2023 ஏப்ரலில் ஓஸ்லோ வட்டாரத்துக் கட்டுமானத் தளங்களில் முகமை முறைக்குத் தடை விதித்தது. முகமைகள் வழக்குப் போட்டன. இத்தகைய தடைக்கு, நார்வேயை ஒன்றியச் சட்டங்களோடு பிணைக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தம் இடம் தருகிறது என்று, நார்வே போன்ற நாடுகளுக்கான இஎஃப்டிஏ நீதிமன்றம் 2024 நவம்பரில் கருத்துச் சொன்னது.

எல்லை தாண்டும் முகமை

மேலே சொன்னவையெல்லாம் ஒரே நாட்டுக்குள் நடக்கும் கதை. பல்கேரியாவில் பதிவான முகமை ஜெர்மனிக்கு ஆள் அனுப்பினால்? கூலி விஷயம் 2020 ஜூலை 30 முதல் ஓரளவு தீர்ந்துவிட்டது. வேலை நடக்கும் நாட்டில் முகமைத் தொழிலாளிக்குப் பொருந்தும் சம நடத்தை விதிகள் அனுப்பி வைக்கப்பட்டவருக்கும் கட்டாயம். எஞ்சியிருப்பது சமூகக் காப்புத் தொகை. அனுப்பிய நாட்டிலேயே அதைக் கட்டுவதாகச் சான்றிதழ் வாங்கிவிட்டால், அந்த நாட்டின் விகிதமே பொருந்தும். விகிதம் குறைந்த நாட்டில் ஒரு பெயர்ப்பலகையை மாட்டிவிட்டு, ஆட்களை எல்லாம் வெளிநாட்டுக்கே அனுப்பும் முகமைகள் இதனால்தான் முளைத்தன.

வார்னா நகரத்து முகமை ஒன்றின் வழக்கில் 2021 ஜூனில் ஒன்றிய நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. பல்கேரியாவில் ஆள் எடுத்தால் மட்டும் போதாது. பல்கேரியாவிலேயே உள்ள நிறுவனங்களுக்கும் கணிசமாக ஆள் வழங்கினால்தான் அந்தச் சான்றிதழ் உண்டு.

உரிமம் திரும்புகிறது

முகமை தொடங்க உரிமம் வேண்டும் என்ற விதியை நெதர்லாந்து 1998இல் தூக்கி எறிந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு மேசை போட்டு ஆள் வழங்கலாம் என்ற நிலை வந்தது. இப்போது 2027 தொடக்கத்தில் நடைமுறைப்படுத்தத் திட்டமிட்டு அனுமதி முறையை மறுபடியும் கொண்டுவருகிறார்கள். அனுமதி இல்லாத முகமையிடம் ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கும் அபராதம் உண்டு. முகமை 1,00,000 யூரோ பிணைத்தொகை கட்ட வேண்டும். ஓடிப்போகும் முகமைகளை இது வடிகட்டும். ஆனால் பிணைத்தொகை கட்டி முறைப்படி அனுமதி பெற்ற முகமையின் முதல் 52 வார ஒப்பந்தத்திலும், வேலை வாங்கும் நிறுவனம் 'போதும்' என்றால் எல்லாம் முடிந்தது என்ற அந்தப் பிரிவு இருக்கலாம். அதை அனுமதிச் சட்டம் தொடவில்லை.